ஓப்பன்எல்டாப் 2.4-லிருந்து 2.5-க்குப் போக வேண்டும், எங்கே ஆரம்பிப்பது?

பழைய_ரேக்:

வணக்கம் நண்பர்களே. இந்த வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் போகும்போது ஒரு தாளில் நான்கு பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், மொத்த ஆவணமும் அதுதான். அதில் ஒன்று எல்டாப் சர்வருடையது, அதாவது எல்லாருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் ஓரிடத்தில் வைத்திருக்கும் சர்வர்; ஓப்பன்எல்டாப் அதன் மென்பொருள்.

டெபியன் 11 லினக்ஸ், ஓப்பன்எல்டாப் 2.4, பேக்எண்டு (டேட்டாவைச் சேமிக்கும் பகுதி) ஹெச்டிபி. பல வருடமாக ஒவ்வொரு டெபியனாக ஏற்றிக் கொண்டுவந்த மெஷின் போலிருக்கிறது. சுமார் 2,300 என்ட்ரி. லினக்ஸ் லாகின், மெயில், வைஃபை, விக்கி எல்லாமே பாஸ்வேர்டுக்கு இதனிடம்தான் வந்து நிற்கின்றன. ஒரு ரெப்ளிகா (நகல் சர்வர்) உண்டு, அதுவும் 2.4 தான். இப்போது எல்லா மெஷினையும் டெபியன் 12-க்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், அதில் வருவது 2.5.

பேக்கப் என்று பார்த்தால் தினமும் இரவு கிரானில் (நேரம் குறித்து வேலையை ஓட்டுவது) எல்டாப்சர்ச் என்ற தேடல் கட்டளை ஓடி முழு மரத்தையும், அதாவது எல்லா என்ட்ரியையும், எல்டிஃப் என்ற டெக்ஸ்ட் வடிவக் கோப்பில் எழுதுகிறது. வாரம் ஒரு விஎம் ஸ்னாப்ஷாட்டும் (மெய்நிகர் மெஷினின் அந்த நேரத்து நிலை) உண்டு. இது போதுமா? ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு ஒரு ராத்திரியில் அப்கிரேடை ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இது படுத்தால் யாராலும் எதற்குள்ளும் போக முடியாது, அதனால் கை நடுங்குகிறது.

கருந்திரை:

அப்கிரேடை அப்புறம் பார்ப்போம். நேற்றைய எல்டிஃப் கோப்பைத் திறந்து, டிஎன் (ஒவ்வொரு என்ட்ரியின் முழுப்பெயர்) என்று ஆரம்பிக்கும் வரிகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். கூடவே கோப்பின் கடைசி நாலு வரியையும் பாருங்கள்.

பழைய_ரேக்:

சரியாக 500. கடைசியில் "சைஸ் லிமிட் எக்ஸீடட்" என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முந்தைய கோப்பையும் எடுத்துப் பார்த்தேன், அதிலும் 500. வயிற்றைக் கலக்குகிறது.

கருந்திரை:

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஸ்லாப்டி, அதாவது ஓப்பன்எல்டாப்பின் சர்வர் நிரல், ஒரு தேடலுக்குக் கொடுக்கும் பதில் இயல்பாக 500 என்ட்ரியோடு நின்றுவிடும். ரூட் டிஎன்னாக (நிர்வாகிக் கணக்கு) போனால் அந்த வரம்பு கிடையாது, ஆனால் பேக்கப்புக்கு என்று தனியாக ஒரு படிக்கும் கணக்கை யாரோ நல்ல எண்ணத்தில் செய்துவைத்திருப்பார்கள், அந்தக் கணக்குக்கு வரம்பைத் தளர்த்த மறந்திருப்பார்கள். கிரானும் அந்த எரர் கோடைக் கண்டுகொள்ளவில்லை. இன்னொன்றையும் பாருங்கள், அந்த 500-லும் யூசர்பாஸ்வேர்டு வரி இருக்காது. ஏசிஎல் (யார் எதைப் படிக்கலாம் என்ற விதி) அதை மறைத்திருக்கும்.

வரம்பைத் தூக்கிவிட்டாலும் எல்டாப்சர்ச் பேக்கப் ஆகாது. என்ட்ரி யுயுஐடி (என்ட்ரியின் மாறாத அடையாள எண்), என்ட்ரி சிஎஸ்என் (கடைசி மாற்றத்தின் முத்திரை), யார் எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் ஆப்பரேஷனல் அட்ரிபியூட், தனியாகக் கேட்டால்தான் வரும். அவை இல்லாமல் ரீஸ்டோர் செய்தால் ஒவ்வொரு என்ட்ரிக்கும் புது யுயுஐடி விழும், ரெப்ளிகா அதைப் பார்த்துக் குழம்பிப்போகும். யுயுஐடியை வைத்து ஆளை அடையாளம் காணும் அப்ளிகேஷன் ஏதாவது இருந்தால், பழைய ஆள்கள் எல்லாரும் அதற்குப் புது ஆள்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஸ்லாப்கேட், டேட்டாபேஸை அப்படியே எல்டிஃப் கோப்பாக எடுக்கும் கட்டளை. இரண்டு தடவை. மைனஸ் என் 0 போட்டால் கான்ஃபிக் வரும், மைனஸ் என் 1 போட்டால் டேட்டா வரும். சர்வரை நிறுத்த வேண்டாம், ஹெச்டிபியிலும் எம்டிபியிலும் (புதிய பேக்எண்டு) ஸ்லாப்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்லாப்கேட் எடுக்கலாம். (அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றும் ஸ்லாப்ஆடுக்கு இந்தச் சலுகை இல்லை, அதற்கு ஸ்லாப்டி நின்றிருக்க வேண்டும்.) 0-வை விட்டுவிடாதீர்கள். ஏசிஎல், இண்டெக்ஸ், ஸ்கீமா, ரெப்ளிகேஷன் அமைப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. டேட்டா மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஏசிஎல்லை ஞாபகத்திலிருந்து எழுத உட்காரும் நிலைமை என் எதிரிக்கும் வர வேண்டாம்.

எடுக்கும் முன் யுமாஸ்க் 077 போடுங்கள், வேறு யாரும் கோப்பைப் படிக்க முடியாது. டேட்டா கோப்பில் எல்லாருடைய ஹாஷும் (பாஸ்வேர்டின் மறைவடிவம்) இருக்கும். ரெப்ளிகாவின் கான்ஃபிக் கோப்பு அதைவிட மோசம், அது சிம்பிள் பைண்ட் (வெறும் பாஸ்வேர்டு லாகின்) செய்கிறது என்றால் அதன் பாஸ்வேர்டு சின்க்ரெப்ல் (ரெப்ளிகேஷன்) வரியில் அப்பட்டமாகக் கிடக்கும். ஜிபிஜியில் பூட்டி வேறு மெஷினுக்கு அனுப்புங்கள். அதே டிஸ்கில் பேக்கப் வைப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

சும்மா_பார்ப்பவன்:

ஏன் இவ்வளவு பயம் காட்டுகிறீர்கள்? டெபியன் பேக்கேஜே அப்கிரேட் நடக்கும்போது பழைய டேட்டாவை டம்ப் எடுத்து பேக்கப்ஸ் டைரக்டரியில் வைத்து, புது வெர்ஷனில் தானே ஏற்றிக்கொள்கிறது. நான் மூன்று சர்வர் அப்படியே மாற்றியிருக்கிறேன், ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்தது.

கருந்திரை:

உங்கள் மூன்றும் எம்டிபியாக இருந்திருக்கும். 2.5-ல் பிடிபி, ஹெச்டிபி இரண்டையும் எடுத்தே விட்டார்கள். அப்கிரேடுக்கு முன்பே எம்டிபிக்கு மாறிவிடுங்கள் என்று டெபியன் 12-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. இவருடையது ஹெச்டிபி. காபி ஆறும், சர்வர் எழாது.

நள்ளிரவு_ஷிஃப்ட்:

ஸ்னாப்ஷாட் இருக்கிறது என்று நம்பி இறங்கியவன் நான். கதையைச் சொல்கிறேன், நீளமாகப் போகும்.

அப்போது நான் இருந்த இடத்திலும் இதே மாதிரி ஒரு 2.4. ராத்திரி பதினொன்றுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்தேன், அப்கிரேடு ஓட்டினேன், ஸ்லாப்டி எழவில்லை. சரி, ஸ்லாப்கேட் எடுத்து வைத்ததுதான் இருக்கிறதே, நாமே ஏற்றிவிடுவோம் என்று ஸ்லாப்ஆட் போட்டேன். ஒரு எரர் இல்லாமல் ஓடி முடிந்தது. ஸ்லாப்டி மறுபடியும் எழவில்லை, லாகிலும் உருப்படியாக ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் கான்ஃபிக்கைத் தலைகீழாகப் புரட்டினேன். கடைசியில் டேட்டா டைரக்டரியில் எல்எஸ் அடித்தால் எல்லாக் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தம். நான் ரூட்டாக ஸ்லாப்ஆட் ஓட்டினேன், ஸ்லாப்டி ஓடுவதோ ஓப்பன்எல்டாப் என்ற யூசராக. கோப்பின் சொந்தக்காரரை மாற்றும் ஒரு சௌன் கட்டளை, எழுந்துவிட்டது. அந்த முக்கால் மணி நேரத்தை இன்னும் யாரும் திருப்பித் தரவில்லை. (டெபியன் குடும்பத்தில் யூசர் பெயர் ஓப்பன்எல்டாப், ரெட்ஹாட் குடும்பத்தில் வெறும் எல்டாப்.)

எழுந்துவிட்டது என்று தூங்கப் போனேன். காலையில் பாதிப் பேருக்கு லாகின் ஆகிறது, பாதிப் பேருக்கு "இன்வாலிட் கிரெடென்ஷியல்ஸ்". டேட்டா அட்சரம் பிசகாமல் இருக்கிறது, ஹாஷும் அப்படியே இருக்கிறது. விஷயம் என்னவென்றால், நடுவில் ஏதோ ஒரு வருடத்தில் யாரோ பாஸ்வேர்டு ஹாஷை எஸ்எஸ்ஹெச்ஏ-512-க்கு மாற்றியிருக்கிறார்கள். அதைப் படிக்கத் தனி மாட்யூல் வேண்டும், அது காண்ட்ரிப் பேக்கேஜில் வருவது, அப்கிரேடுக்குப் பிறகு அது இல்லை. பழைய எஸ்எஸ்ஹெச்ஏ வைத்திருந்தவர்கள் நிம்மதியாக உள்ளே போய்விட்டார்கள். என்னுடைய கணக்கும் பழையதுதான், அதனால் ராத்திரி நான் சோதித்தபோது எனக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது.

சரி, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றால், அதற்குள் நாற்பது ஐம்பது பேர் பாஸ்வேர்டு மாற்றிவிட்டார்கள். திரும்பினால் அவர்களுடைய பழைய பாஸ்வேர்டு வந்துவிடும். அதைவிட, ரெப்ளிகா ஏற்கெனவே புது மாற்றங்களை இழுத்துக்கொண்டுவிட்டது. மெயின் சர்வரை மட்டும் பின்னால் இழுத்தால் ரெப்ளிகா தன்னிடம் இருப்பதுதான் புதிது என்று உட்கார்ந்திருக்கும், இரண்டும் இரண்டு கதை சொல்லும். ஆக ஸ்னாப்ஷாட் என்பது முதல் அரை மணி நேரத்துக்கான சமாச்சாரம். ஒரு ஆள் ஒரு பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் அப்புறம் முன்னால்தான் போக முடியும்.

அதனால் என் யோசனை: ஓடும் மெஷினைத் தொடவே தொடாதீர்கள். புதிதாக ஒரு டெபியன் 12 எழுப்பி, அதில் ரீஸ்டோரைப் பழகுங்கள். நாலு தடவை, அஞ்சு தடவை. கண்ணை மூடிக்கொண்டு வருகிற அளவுக்கு.

பழைய_ரேக்:

சார், நீங்கள் சொன்ன மாதிரியே காலி விஎம் ஒன்றில் முயன்றேன். முதலில் கான்ஃபிக் ஏற்றும்போதே ஹெச்டிபி தெரியாது என்று நின்றது. எல்டிஃப் கோப்பில் செட் கட்டளை போட்டு ஹெச்டிபி என்று வரும் இடத்தையெல்லாம் எம்டிபி ஆக்கினேன், அதைத் தாண்டியது. அடுத்து "டூப்ளிகேட் அட்ரிபியூட்டைப்" என்று ஏதோ பாஸ்வேர்டு பாலிசி சம்பந்தமாக ஒரு எரர். அதோடு நிற்கிறேன். மைனஸ் சி போட்டு எரரைத் தாண்டி ஓட்டலாமா?

கருந்திரை:

மைனஸ் சி வேண்டாம். கான்ஃபிக்கில் எதைத் தாண்டினீர்கள் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

அந்த எரர் பிபாலிசி ஸ்கீமா, அதாவது பாஸ்வேர்டு பாலிசிக்கான அட்ரிபியூட் வரையறை. 2.4-ல் அது தனி ஸ்கீமாவாக ஏற்றப்பட்டது, 2.5-ல் பிபாலிசி மாட்யூலுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். மாட்யூல் முதலில் ஏறி அட்ரிபியூட்டுகளைப் பதிவு செய்கிறது, பின்னால் உங்கள் பழைய ஸ்கீமா அதே பெயர்களோடு வந்து மோதுகிறது. கான்ஃபிக் எல்டிஃபில் பிபாலிசி ஸ்கீமா என்ட்ரி முழுவதையும் எடுத்துவிடுங்கள். என்ட்ரி எங்கே முடிகிறது என்பதற்கு அடுத்த வெற்று வரிதான் அடையாளம்.

செட் போட்டேன் என்கிறீர்களே, அது கொஞ்சம் கவலையாக இருக்கிறது. எல்டிஃபில் நீள வரிகள் மடிந்து, அடுத்த வரி ஒரு ஸ்பேஸோடு தொடங்கும். ஹெச்டிபி என்ற சொல்லே பாதி இந்த வரியிலும் மீதி அந்த வரியிலுமாகக் கிடக்கலாம், செட்டுக்கு அது தெரியாது. அதனால் முதலில் மடிப்பை நீக்குங்கள், ஸ்லாப்கேட்டுக்கே எல்டிஃப்-ராப் நோ என்று ஆப்ஷன் கொடுக்கலாம். அப்புறம் மாட்யூல் வரி, டேட்டாபேஸ் டிஎன், அதன் ஆப்ஜெக்ட்கிளாஸ், அந்த டேட்டாபேஸுக்குக் கீழே தொங்கும் ஓவர்லேக்களின் (கூடுதல் வசதிகள்) டிஎன், இவை எல்லாம் மாறியிருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஹெச்டிபி பயன்படுத்திய பெர்க்லி டிபிக்கு என்று இருந்த வரிகள், அதாவது டிபி கான்ஃபிக், கேஷ் சைஸ், ஐடிஎல் கேஷ் சைஸ், இவற்றுக்கு எம்டிபியில் வேலை இல்லை, அழித்துவிடுங்கள்.

ஒன்று சேர்க்கவும் வேண்டும், மேக்ஸ் சைஸ். எம்டிபிக்கு நீங்கள் சொல்லாவிட்டால் 10 எம்பிதான் உச்சம். 2,300 பேரில் பாதிப் பேர் போட்டோ வைத்திருந்தால் பாதி வழியிலேயே மேப் ஃபுல் என்று நிற்கும். 1 ஜிபி போடுங்கள், அது வெறும் உச்சவரம்பு, அவ்வளவு டிஸ்க்கையும் இப்போதே விழுங்கிவிடாது.

இன்னொன்று, கான்ஃபிக் இருக்கும் ஸ்லாப்டி.டி டைரக்டரிக்குள் போய் கோப்புகளை எடிட்டரில் திறந்து திருத்தாதீர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் சிஆர்சி செக்சம் இருக்கிறது. டைரக்டரியைக் காலி செய்துவிட்டு எல்டிஃபிலிருந்து புதிதாக ஏற்றுங்கள். காலியாக இல்லாவிட்டால் மைனஸ் என் 0 ஏற்றம் அழும்.

பழைய_ரேக்:

ஏறிவிட்டது! கான்ஃபிக் ஏறியது, டேட்டாவும் ஏறியது, சௌன் போட்டேன், ஸ்லாப்டி எழுந்தது. டிஎன் எண்ணிக்கை இரண்டு பக்கமும் 2,317.

ஆனால் ஒரு சந்தேகம். எந்த வகை ஹாஷ் எத்தனை என்று பார்க்க எல்டிஃபில் எஸ்எஸ்ஹெச்ஏ என்று தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பாஸ்வேர்டு எல்லாம் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா?

நள்ளிரவு_ஷிஃப்ட்:

இல்லை, பேஸ்64. அட்ரிபியூட் பெயருக்குப் பின்னால் ஒற்றை முக்காற்புள்ளிக்குப் பதிலாக இரட்டை முக்காற்புள்ளி இருக்கும் பாருங்கள், இரண்டு கோலன், அதுதான் அடையாளம். தமிழில் பெயர் வைத்திருக்கும் என்ட்ரிகளும் அப்படித்தான் தெரியும், பயப்பட வேண்டாம். டிகோட் செய்து எண்ணுங்கள், வகைக்கு ஒரு டெஸ்ட் கணக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் லாகின் செய்து பாருங்கள். உங்கள் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள், நான் பட்டது போதும்.

ஸ்லாப்கேட்டில் வராத சாமான்களும் இருக்கின்றன. டிஎல்எஸ் சான்றிதழ், அதன் கீ, சிஏ கோப்பு. கீயை ஓப்பன்எல்டாப் யூசரால் படிக்க முடிய வேண்டும். கெர்பரோஸ் இருந்தால் கீடேப். ஸ்லாப்டி எந்தெந்த முகவரியில் கேட்க வேண்டும் என்பது டிஃபால்ட் டைரக்டரியில் உள்ள ஸ்லாப்டி கோப்பில் இருக்கும், அதில் எல்டாப்ஸ் (டிஎல்எஸ் வழி எல்டாப்) விட்டுப்போனால் 636-ஆம் போர்ட்டில் கதவு தட்டும் பழைய பிரிண்டர்கள் எல்லாம் அனாதை.

ஒத்திசைவு:

இடையில் வருகிறேன். டேட்டாவை ஸ்லாப்ஆட் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்றில்லை. புது 2.5 மெஷினில் கான்ஃபிக்கை மட்டும் ஏற்றி, பழைய 2.4-க்கு ரெப்ளிகாவாக மாட்டிவிட்டால் சின்க்ரெப்ல் வழியாக முழு மரமும் தானாக வந்து சேரும், யுயுஐடி மாறாது. ஒரு வாரம் அப்படியே ஓடட்டும். விக்கியை மட்டும் புதிதுக்குத் திருப்பிப் பாருங்கள், பிறகு வைஃபை. பெரிய மாற்றத்துக்கான இரவு வரும்போது வேலை அஞ்சு நிமிடம்.

ஒரு நிபந்தனை, சின்க்ரெப்லுக்குப் பயன்படும் கணக்கால் பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் படிக்க முடிய வேண்டும், அதற்கும் அந்த 500 வரம்பு இருக்கக் கூடாது. உங்கள் கதையைப் பார்த்தால் அதை முதலில் சோதிப்பது நல்லது. சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு பக்கமும் அடி என்ட்ரியில் கான்டெக்ஸ்ட் சிஎஸ்என் (மொத்த மரத்தின் கடைசி மாற்ற முத்திரை) கேளுங்கள், ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

ரெப்ளிகா இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் தவறுதலாக ஒரு ஓயுவை (மரத்தின் ஒரு கிளை) அழித்தால் ரெப்ளிகாவும் சில நொடியில் கடமை தவறாமல் அழித்துவிடும்.

சும்மா_பார்ப்பவன்:

ஹெச்டிபி விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். என் மூன்றும் எம்டிபிதான், இப்போது போய்ப் பார்த்தேன். பார்த்த கையோடு பேக்கப்பில் எண்ணினேன், ஒன்றில் 500. நல்ல வேளை.

கருந்திரை:

ஒத்திசைவு சொன்னதுதான் நல்ல வழி, ஆனால் ஸ்லாப்ஆட் ஒத்திகையையும் விடாதீர்கள், இரண்டும் வேறு வேறு விஷயத்துக்கு. சின்க்ரெப்ல் உங்களைப் புது மெஷினுக்குக் கொண்டுபோகும், பேக்கப் உருப்படியானதுதானா என்று அது சொல்லாது.

மாற்றும் இரவில் வரிசை இப்படி இருக்கட்டும். பழைய சர்வரில் டேட்டாபேஸை ரீட்ஒன்லி ஆக்குங்கள். லாகின் நடக்கும், பாஸ்வேர்டு மாற்றம் மட்டும் நடக்காது, அது போதும். கான்டெக்ஸ்ட் சிஎஸ்என் இரண்டும் ஒன்றானதும் இரண்டு பக்கமும் கடைசி ஸ்லாப்கேட். அப்புறம் டிஎன்எஸ் பெயரைத் திருப்புங்கள், டிடிஎல்லை (பழைய விடையை மற்ற மெஷின்கள் வைத்திருக்கும் நேரம்) முந்தின நாளே குறைத்து வைத்திருக்க வேண்டும், புது மெஷினின் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். பழைய ஸ்லாப்டியை நிறுத்துங்கள், மெஷினை அழிக்காதீர்கள். பழைய ரெப்ளிகாவை அதற்கு முன்பே 2.5 ஆக்கியிருந்தால் நல்லது, கீழிருந்து மேலே போவதுதான் பழக்கம்.

ரொம்ப முக்கியமானது கடைசியில் ஞாபகம் வருகிறது. நீங்கள் சூடோ (ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்டுவது) செய்யும் கணக்கு எல்டாப்பில் இருக்கிறதா, லோக்கலா?

பழைய_ரேக்:

எல்டாப்பில். சூடோ விதிகளும் அங்கேதான். கேட்ட பிறகுதான் புரிகிறது.

கருந்திரை:

இப்போதே எல்டாப் சர்வர் இரண்டிலும் ஒரு லோக்கல் கணக்கு போட்டு, கன்சோலில் போய் லாகின் செய்து பாருங்கள். எஸ்எஸ்எஸ்டி (எல்டாப் லாகினைக் கையாளும் நிரல்) கேஷில் பாஸ்வேர்டு இருக்கும் என்று நம்பாதீர்கள், கேஷ் கிரெடென்ஷியல்ஸை யாராவது இயக்கியிருந்தால்தான் இருக்கும். மாற்றும் இரவு ஒரு ரூட் ஷெல் திறந்தபடியே இருக்கட்டும், எல்லாம் முடியும் வரை அந்த ஜன்னலை மூடாதீர்கள்.

பழைய_ரேக்:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஸ்லாப்ஆட் ஒத்திகை ஆறு தடவை, கடைசித் தடவை காலி மெஷினிலிருந்து லாகின் வரை 22 நிமிடம். சின்க்ரெப்லில் புதிது ஒன்பது நாள் ஓடியது, சின்க் கணக்குக்கு வரம்பு இல்லை, தப்பித்தோம். ஹாஷ் மூன்று வகை இருந்தன, அதில் ஒன்று நள்ளிரவு_ஷிஃப்ட் சொன்ன அதே 512, 140 பேர். காண்ட்ரிப் பேக்கேஜைப் போட்டு மாட்யூலை ஏற்றியதும் சரியாகிவிட்டது.

மாற்றிய இரவில் ஒன்றே ஒன்று சிக்கியது. பழைய ஸ்கேனர் ஒன்று பழைய டிஎல்எஸ் மட்டுமே பேசும் போல, புதிதோடு கைகுலுக்க மறுக்கிறது. அதற்காகச் சர்வரைத் தளர்த்த மனம் வரவில்லை, ஸ்கேனரை யுஎஸ்பியில் சேமிக்கச் சொல்லிவிட்டேன். கிரானில் இப்போது ஸ்லாப்கேட் இரண்டும் ஓடுகின்றன, டிஎன் எண்ணிக்கை நேற்றைவிட 20-க்கு மேல் குறைந்தால் எனக்கு மெயில் வரும். நேற்று வந்தது, பயந்து ஓடிப்போய்ப் பார்த்தால் வேலையை விட்டுப்போன 23 பேரை ஆபீசில் ஒரேயடியாக நீக்கியிருக்கிறார்கள்.